நைனாவின் தலைத்துண்டு

1

ஜெர்மனியில் விவாகரத்து வேண்டுமென்றால் முதலில் ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்து காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் நீதிமன்றம் மனுவைக் கையில் வாங்கும். எனக்கு அந்த ஒரு வருடம் சென்ற மாதம் முடிந்தது. வக்கீல் அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "இந்த நாளில் வாழ்த்துச் சொல்வதா, வருத்தம் சொல்வதா என்று எனக்கு எப்போதும் குழப்பம்" என்றார். இரண்டும் சொல்லாமல் காப்பி மட்டும் கொடுத்தார்.

வசதி இல்லாதவர்கள் ஒரே வீட்டில் இருந்துகொண்டே பிரிந்து வாழலாமாம். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. மேசை தனி, படுக்கை தனி என்று காட்டினால் போதும். ஒருவருக்கொருவர் சமைக்கக் கூடாது, துணி துவைத்துப் போடக் கூடாது, தேவைக்கு மேல் பேசக் கூடாது. வக்கீல் இதை விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சமையலையும் துணியையும் தள்ளிவிட்டுப் பேச்சை மட்டும் கணக்கில் எடுத்தால், திருப்பதியில் எங்கள் தெருவில் பாதிப் பேர் பிரிந்து வாழ்பவர்கள்தான்.

நான் ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்லும் பொருளைக் கையில் வாங்கி, எங்கே கோளாறு என்று தேடுவதற்குத்தான் சம்பளம். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடுவதில்லை. "உன்னோடு பேசினால் விசாரணைக்கு வந்த மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத்தான் என் கணவர் ரயிலில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி வீடு பார்த்துக்கொண்டு போனார். அவரும் வாய் திறக்கிற ரகமில்லை. அவர் பேசமாட்டார், நான் சந்தேகப்படுவேன். நான் சந்தேகப்பட்டால் அவர் இன்னும் பேசமாட்டார். சண்டை என்று ஒன்று நடந்திருந்தால்கூடத் தேவலை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி ஞாயிறு எங்கள் மகள் மது அவரிடம் போய் வருகிறாள். அவளுக்குப் பதினான்கு வயது.

இந்த விஷயம் திருப்பதியில் இருக்கும் என் அப்பாவுக்கு, நாங்கள் நைனா என்று கூப்பிடுகிறவருக்கு, தெரியாது. அதாவது, தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

நைனா மலைப் பஸ் டிரைவர். கீழ்த் திருப்பதியிலிருந்து மேலே, மேலேயிருந்து கீழே, வேலையில் இருந்த காலம் முழுக்க அதே வளைவுகள். எங்கள் சொந்த ஊர் நகரி. வேலைக்காகத் திருப்பதி வந்து, மலையடிவாரத்து அலிபிரிக்குப் போகிற சாலையின் பின்சந்தில் வீடு எடுத்துத் தங்கிவிட்டார். டிப்போவிலும் கடையிலும் தெலுங்கு, வீட்டுக்குள் நகரித் தமிழ். இரண்டு மொழியிலும் அவர் அதிகம் பேசிக் கேட்டதில்லை.

அம்மாவிடம் அவர் பாசமாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆனால் மதியம் கடைசி டிரிப் முடித்து எங்கள் சந்து முனையைக் கடக்கும்போது இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். அம்மா உடனே எழுந்து உலை வைப்பாள். அவர் வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு நடந்து வருவதற்கும் சோறு வெந்து முடிவதற்கும் சரியாக இருக்கும். எங்கள் வீட்டில் அன்பு என்று ஒன்று நடமாடியதென்றால் அது அந்த ஹாரன் வழியாகத்தான். அம்மா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. இப்போது அவரே சமைத்துக்கொள்கிறார்.

எனவே எங்கள் குடும்பத்தில் யாராவது குழைந்து பேசினால் நாங்கள் உஷாராகிவிடுவோம். நான் பத்தாவது முடித்த வருடம் அம்மா தலையைத் தடவி, "என் தங்கமே" என்றாள். அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது, நான் வளர்த்த ஆட்டை விற்றுவிட்டார்கள். அன்றிலிருந்து யார் தங்கமே என்று கூப்பிட்டாலும் எது போச்சு என்று வீட்டைச் சுற்றிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

இங்கே நிலைமை நேர்மாறு. மது தன் சிநேகிதியோடு போனில் பேசி முடிக்கும்போதெல்லாம் உன்மேல் பிரியம் என்று சொல்லித்தான் வைக்கிறாள். ஜெர்மன்காரர்கள் அதற்கே இரண்டு வாக்கியம் வைத்திருக்கிறார்கள். ஒன்று காதலனுக்கு, கணவனுக்கு. இன்னொன்று அம்மாவுக்கு, தோழிக்கு, நாய்க்குட்டிக்கு. வந்த புதிதில் நான் முதலாவதை என் மேலதிகாரியிடம் நன்றி சொல்லும் நினைப்பில் சொல்லித் தொலைத்தேன். அவர் இரண்டு நாள் என்னிடமிருந்து தள்ளியே நின்றார். அதற்குப் பிறகு இரண்டையும் யாரிடமும் சொல்வதில்லை.

3

நைனாவோடு வீடியோவில் பேசுவது ஞாயிற்றுக்கிழமை காலையில். அங்கே அப்போது மதியம். பல வருடங்களாக எங்கள் பேச்சு ஒரே தடத்தில் ஓடியது.

"துன்னியா?"

"துன்னேன் நைனா. நீ?"

"ஆச்சு. கொயந்த?"

"ஹோம்வொர்க் பண்ணுது."

"மாப்ள?"

இந்தக் கேள்விக்கு, அவர் வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து என்னிடம் ஒரே பதில்தான். "குளிக்கிறார் நைனா." முதல் தடவை வாய் தவறி வந்தது. பிறகு அதுவே கை கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மனிதன் குளிப்பதில் யாரும் குற்றம் காண முடியாது. தன் அம்மாவிடம் எப்போது சொல்வது என்பதை அவர் பார்த்துக்கொள்வார், என் வீட்டில் நான் சொல்லிக்கொள்வேன் என்று எனக்கும் என் கணவருக்கும் ஒப்பந்தம். இருவருமே சொல்லவில்லை.

தை மாதம் பிறந்ததும் நைனா மாறினார். "துன்னியா"வோடு நிற்காமல், "நல்லா தூங்கறியா பாப்பா?" என்றார். அடுத்த வாரம், "ஒனக்கு அங்க பேச்சுத்தொணைக்கு யாராச்சும் கீறாங்களா?" என்றார். அதற்கும் அடுத்த வாரம் வந்தது பெரிய அடி.

"பாப்பா, நீ சந்தோஷமா கீறியா?"

எங்கள் பரம்பரையில் ஒருவரும் இன்னொருவரைக் கேட்டிராத கேள்வி இது. "கீறேன், கீறேன்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். அவர் விடவில்லை. வாராவாரம் கேட்டார். "மனசுல இன்னா கீதோ அத நைனாகிட்ட சொல்லணும், சரியா?" என்று வேறு சேர்த்துக்கொண்டார். இதை யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்கு உறுதியாகப் பட்டது. ஏதோ கெட்ட செய்தி வரப்போகிறது, அதற்குத்தான் இவ்வளவு பூசி மெழுகல்.

தரப் பரிசோதனைக்காரி சும்மா இருப்பாளா? தடயம் தேட ஆரம்பித்தேன். முதல் தடயம் பார்சல். வருடத்துக்கு இரண்டு தடவை நைனா பார்சல் அனுப்புவார். கந்திப் பொடி என்கிற பருப்புப் பொடி, வத்தல், மதுவுக்கு வளையல், மாப்பிள்ளைக்கு நகரித் தறியில் நெய்த லுங்கி. எது உள்ளே இருந்தாலும் மேலே எழுதுவது மாப்பிள்ளை பெயரைத்தான். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு அனுப்பும் பொருளைப் பெண் பெயரில் அனுப்புவது மாப்பிள்ளையை மதிக்காத மாதிரி என்பது அவர் கட்சி. போன தீபாவளிப் பார்சல் வந்து சேரவேயில்லை. கேட்டதற்கு, "போனா போவுது" என்று விட்டுவிட்டார். பொங்கல் பார்சல் வந்தது. மேலே என் பெயரும் மதுவின் பெயரும் மட்டும். உள்ளே லுங்கி இல்லை. இவ்வளவு வருடப் பழக்கத்தை மறந்துவிட்டார் என்றால் ஞாபகம் தப்புகிறதா என்று குறித்துவைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, மீசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் மீசை இல்லை. "சும்மா எடுத்தேன்" என்றார். அன்றிலிருந்து தலையில் ஒரு துண்டு. தையில் கேட்டபோது பனி என்றார். பங்குனியில் கேட்டபோது வெயில் என்றார். இரண்டு தடவையும் அவர் உட்கார்ந்திருந்தது ஹாலில், மின்விசிறிக்குக் கீழே.

4

போன மாதம் ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பால் பொங்கிவிட்டது. நைனா போனைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினார். துண்டு நழுவி விழுந்தது. ஒரு நொடிதான் பார்த்தேன். தலையில் ஒரு முடி இல்லை.

இதைப் புரிந்துகொள்ள நைனாவின் முடியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். சட்டைப் பையில் எப்போதும் சீப்பு வைத்திருக்கும் மனிதர் அவர். தேங்காய் எண்ணெய் தடவி, மேல்நோக்கி வாரி, கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்துத்தான் டூட்டிக்குக் கிளம்புவார். இறங்குகிற டிரிப்பில் உள்கண்ணாடியில் பார்த்தால் வண்டி முழுக்க மொட்டைத் தலைகளாகத் தெரியும் என்று சிரிப்பார். நீ ஏன் ஒரு தடவைகூட முடி கொடுக்கவில்லை என்று அம்மா கேட்டால், "நான்தான் தெனமும் மேல போய்க்கினு வர்றேனே, என்னை அவருக்குத் தெரியும்" என்பார். வெளியூர்க்காரர்கள் கடலும் மலையும் தாண்டி வந்து முடி கொடுக்கிற ஊரில், அவர் தலை மட்டும் கறுகறுவென்று இருந்தது.

அப்படிப்பட்டவர் தலை மழமழவென்று இருந்தால் நான் என்ன நினைப்பேன்? என் பக்கத்து மேசை சபீனா போன வருடம் தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தாள். புற்றுநோய் மருந்து ஏற ஏற முடி கொட்டிப் போயிற்று. எங்கள் ஊழியர் அறையில் அவளுக்காக எல்லோரும் கேக் செய்துகொண்டு வந்தோம். மீசை இல்லை, முடி இல்லை, மூன்று மாதமாகத் துண்டு, ஒரு மயிர்கூடத் திரும்ப முளைக்கவில்லை, கூடவே இந்தத் திடீர் பாசம். எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியது. நைனா போய்விடப் போகிறார், என்னிடம் சொல்லாமலே போய்விடப் போகிறார்.

உடனே நகரியில் இருக்கும் சின்னம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மாவின் தங்கை. வீட்டிலேயே விசைத்தறி. போனை எடுத்தால் முதலில் தறிதான் பேசும். அந்தச் சத்தத்தில் ரகசியம் பேச முடியாது என்பதால் சின்னம்மாவுக்கு ரகசியமே கிடையாது. அதனால்தான் அவளைக் கேட்டேன்.

"சின்னம்மா, நைனா தலைக்கு இன்னா ஆச்சு?"

"இன்னாடி? தறி ஓடுது, கேக்கல!"

"நைனா தல! முடி!"

தறிச் சத்தம் தூரமாகப் போயிற்று. சின்னம்மா போனை எடுத்துக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டாள். என் வாழ்நாளில் அவள் குரலைத் தாழ்த்தி அன்றுதான் கேட்டேன்.

"அத நீ கேக்கக் கூடாது சுமதி. நானும் சொல்லக் கூடாது. விட்று."

போனை வைத்துவிட்டாள். எதிர்வீட்டுச் சரோஜக்காவைக் கேட்டேன். "மாக்கெந்துகு அம்மா அதி" என்று, எங்களுக்கெதற்கு அது என்கிற அர்த்தத்தில், தெலுங்கில் நழுவினாள். ஊரே சேர்ந்து மறைக்கிறது. கடைசியாக மதுவைப் பிடித்தேன். அவள் தாத்தாவோடு தனியாகவும் பேசுவாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் முழுக்க அவரிடம் கற்றது. ஜெர்மன் நாக்கில் நகரித் தமிழ், கேட்டால் எனக்கே புதிதாக இருக்கும்.

"தாத்தா உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

"ஏன் நீங்க ரெண்டு பேரும் என்னையே கேட்டுக்கினு கீறீங்க?" என்றாள்.

"ரெண்டு பேருமா? தாத்தா என்ன கேட்டார்?"

"அம்மா துன்றாளா, தூங்கறாளா, அழறாளான்னு. நான் ஒண்ணும் சொல்லல. நீதான் சொல்லக் கூடாதுன்ன." பிறகு ஜெர்மனுக்கு மாறினாள். அவள் கோபம் எப்போதும் ஜெர்மனில்தான் வரும். "அப்பா குளிக்கிறார் என்று நீ சொல்லும்போதெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அசிங்கமாக இருக்கிறது."

அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஊருக்கு டிக்கெட் தேட ஆரம்பித்தேன்.

5

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நைனா திரையில் வந்ததும் நான் "துன்னியா"வுக்கு இடம் கொடுக்கவில்லை.

"நைனா, அந்தத் துண்ட எடு."

"இன்னாத்துக்கு? வெயிலு பாப்பா."

"வூட்டுக்குள்ள இன்னா வெயிலு? நான் அன்னிக்கே பாத்துட்டேன். எந்த ஆஸ்பத்திரி? எத்தினி நாளா மருந்து ஏத்தறாங்க? ரிப்போர்ட்ட காட்டு. பொய் சொன்னா நாளைக்கே ஃப்ளைட் ஏறி வந்து நிப்பேன்."

நைனா வாயைப் பிளந்து பார்த்தார். "இன்னா ஆஸ்பத்திரி? யாருக்கு மருந்து? நான் கல்லு மாரி கீறேன்."

"அப்ப தலை ஏன் அப்டி கீது?"

"ஏம்மா," என்றார் நைனா, நிஜமாகவே வருத்தத்தோடு. "திருப்பதில வளந்த பொண்ணு, ஒரு மொட்டயப் பாத்து ஆஸ்பத்திரியான்னு கேக்கறியே."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும், மொட்டை போட்டவரிடம் எதற்கு என்று கேட்கக் கூடாது. என்ன வேண்டிக்கொண்டோம் என்று வெளியில் சொன்னால் வேண்டுதல் பலிக்காது. சின்னம்மா தெருவுக்கு ஓடியதும் சரோஜக்கா நழுவியதும் அதனால்தான். மொட்டைத் தலைகளுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். இங்கே வந்த பதினாறு வருடத்தில் மொட்டை என்றால் நோய் என்று நினைக்கிற ஊர்க்காரியாகிவிட்டேன். உயிருக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதியும் இந்த வெட்கமும் ஒன்றாக வந்தன. ஆனால் சந்தேகம் போகவில்லை. ஒரு மொட்டை என்றால் இத்தனை மாதத்தில் முடி வளர்ந்திருக்க வேண்டுமே.

"யாருக்கு நைனா வேண்டிக்கின?"

"அத இப்ப சொல்லக் கூடாது." அவர் துண்டைச் சரி செய்துகொண்டு, எப்போதும் போலக் கேட்டார். "மாப்ள இன்னா பண்றாரு?"

நாக்கு நுனி வரை வந்துவிட்டது அந்தக் குளியல். மது சாப்பாட்டு மேசையில் பால் கிண்ணத்துக்கு மேல் கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். திரையில் நைனா என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று முன்புவரை இந்த மனிதர் என்னிடம் சொல்லாமல் செத்துப் போய்விடுவார் என்று நான் பயந்தேன். அப்படியானால் நான் அவருக்கு என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

"அவர் இங்க இல்ல நைனா," என்றேன். "போய் ஒரு வருஷம் ஆச்சு. நாங்க பிரிஞ்சிட்டோம். ஒனக்குச் சொல்ல எனக்குத் தைரியம் வரல."

யார் மேல் தப்பு என்று கேட்பார், ஊரில் என்ன சொல்வேன் என்பார் என்று காத்திருந்தேன். நைனா துண்டை எடுத்தார். நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மொட்டைத் தலையில் மின்விசிறிக் காற்று பட்டதும் கண்ணை மூடித் திறந்தார்.

"சரி," என்றார்.

"அவ்ளோதானா?"

"தெரியும் பாப்பா. தீபாவளிப் பார்சலு திரும்பி வந்துடுச்சி. அந்தப் பேர்ல அந்த வூட்ல யாரும் இல்லன்னு மேல ஒட்டி இருந்துச்சாம், போஸ்ட்மேன் படிச்சிச் சொன்னாரு."

போன கோடைக்காலத்தில் கீழே தபால் பெட்டியிலிருந்தும் வாசல் மணிப் பலகையிலிருந்தும் என் கணவர் பெயரை நான்தான் எடுத்தேன். இங்கே வீட்டு எண்ணை யாரும் நம்புவதில்லை. பெட்டியில் பெயர் இல்லையென்றால் அந்த ஆள் அங்கே இல்லை. நான் வாயால் சொல்லாததை லுங்கிப் பார்சல் போய்ச் சொல்லியிருக்கிறது.

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டுக்கினுதான் இருந்தேன். வாராவாரம் குளிக்கறார்னு சொன்ன. ஒரு மனுஷன் ஒரு வருஷமா குளிச்சிக்கினே கீறாரேன்னு நானும் பாத்துக்கினு கீறேன்."

மதுவுக்குப் பால் புரை ஏறிவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. என் புத்தி எங்கே போகும்?

"அவர் திரும்பி வரணும்னு வேண்டிக்கினயா நைனா? அது நடக்காது. சும்மா நம்பிக்கினு இருக்காத."

"அவரு வர்றதும் வராததும் ஒங்க ரெண்டு பேரு விஷயம். அதுக்கு நான் எதுக்கு முடி குடுக்கறேன்?" என்றார் நைனா. பிறகு தலையைத் தடவிக்கொண்டார். "நீ எங்கிட்ட வாயத் தொறந்து சொல்லணும்னுதான் வேண்டிக்கினேன். சொல்ற வரைக்கும் முடி வெக்கறதில்லன்னு. மாசாமாசம் மேல போய்க்கினு வந்தேன். நீ பாத்தா பயந்துக்குவன்னு சந்தனத்தத் தொடச்சிட்டுத் துண்டு போட்டுக்கினேன். இனிமே சொல்லலாம். ஆயிடுச்சி."

நான் அழுதேன். மது எழுந்து வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். நைனா போனை வைக்கவில்லை. நான் மூக்கைச் சிந்தி முடிக்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இது நடந்து சில வாரங்கள் ஆகின்றன. நேற்றுத் திரைக்கு முன்னால் தலையைக் குனிந்து காட்டினார். வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. இத்தனை நாள் கறுகறுவென்று இருந்தது சாயம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மது அதைக் கேட்டே விட்டாள், அவர் வெட்கப்பட்டார். அவர் பக்கம் இன்னும் என்னென்ன இருக்கிறதோ என்று தோன்றியது. தை மாதத்திலிருந்து அவர் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்த கேள்வியை நான் ஒரு தடவைகூட அவரிடம் திருப்பிக் கேட்கவில்லை.

"நைனா, நீ சந்தோஷமா கீறியா?"

அவர் உடனே, "எனக்கென்ன" என்று ஆரம்பித்தார். பிறகு நிறுத்திவிட்டார். தெருவில் ஏதோ பஸ் போகிற சத்தம் கேட்டது. அது போய் முடியும் வரை காத்திருந்தார்.

"இல்ல பாப்பா," என்றார். "ஒங்கம்மா போனதுலேர்ந்து, மத்தியானத்துல ஹாரன் சத்தம் கேட்டா துன்னவே முடியல."

"சொல்லு நைனா," என்றேன். "கேட்டுக்கினுதான் கீறேன்."